போடாத ஊசி

எங்கள் வட சென்னைப் பக்கத்தில் ஒரு நர்ஸுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, "அந்த சிஸ்டர் ஊசி போட்டா வலியே தெரியாது" என்பதுதான். ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, எங்கே போனாலும் இதே அளவுகோல். கைராசி என்பார்கள். நரம்பே கிடைக்காத பாட்டிக்கு முதல் குத்திலேயே வென்ஃப்ளான், அதாவது ட்ரிப்ஸ் போடுகிற ஊசிக்குழாய், ஏற்றிவிட்டால் போதும், அந்தத் தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் உங்கள் டூட்டி நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அந்தப் பேர் எனக்கும் கொஞ்சம் உண்டு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பிடித்துத்தான் இருக்கிறது.

ஆனால் வார்டு வேலையில் எனக்கு நிஜமாகவே நிறைவு தந்தவை வேறு. போடாமல் நிறுத்திய ஊசிகள், கொடுக்காமல் ட்ரேயிலேயே திருப்பி வைத்த மாத்திரைகள், வேகத்தைக் குறைத்துவிட்ட ட்ரிப்ஸ். இதற்கெல்லாம் யாரும் பாராட்டுவதில்லை. நோயாளிக்கு நடந்ததே தெரியாது. கூட இருப்பவர்களுக்குத் தெரிந்தால், "ஏன் சிஸ்டர் இன்னிக்கு ஊசி போடல?" என்று சண்டைக்குத்தான் வருவார்கள். நர்ஸுக்கு பார்மகாலஜி, அதாவது மருந்தியல், எதற்கு என்று என்னிடம் கேட்டால், இதற்குத்தான் என்பேன். கொடுக்கக் கற்றுக்கொள்வது கைப்பழக்கம். எப்போது கொடுக்கக்கூடாது என்று தெரிய வேண்டுமானால் அந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரியில் இதை யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. எங்கள் காலத்தில் இரண்டாம் வருடத்தில் வந்த பாடம். வகை, செயல்படும் முறை, பயன், பக்கவிளைவு, செவிலியர் பொறுப்பு என்று எல்லா மருந்துக்கும் ஒரே அச்சில் ஒரு பக்கம் நோட்ஸ். பக்கவிளைவு என்ற தலைப்பின் கீழே எந்த மருந்தாக இருந்தாலும் குமட்டல், வாந்தி, தலைவலி, தலைசுற்றல் என்று எழுதிவிட்டால் பாதி மார்க் நிச்சயம். இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. பாடத்திட்டத்தைத் திருத்தியபோது பார்மகாலஜியை இரண்டு செமஸ்டராகப் பிரித்து, மருந்து எழுதுவதன் அடிப்படைகளையும் அதில் சேர்த்தது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் வார்டுக்கு வருகிற பிள்ளைகளிடம் ஒரு மருந்தைக் காட்டி இது என்ன கெடுதல் செய்யும் என்று கேட்டால், குமட்டல், வாந்தி, தலைவலி இன்னும் அப்படியே வந்து நிற்கிறது.

வேலையில் சேர்ந்ததும் அடுத்த மந்திரம் வந்துவிடும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மருந்து அறைச் சுவரில் இதை லேமினேட் பண்ணி ஒட்டியிருப்பார்கள். தேவைதான். ஒரே பெயருள்ள இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் நாளில் அந்த ஐந்தும்தான் காப்பாற்றும். என் குறை என்னவென்றால், ஐந்துக்கும் டிக் அடித்த பிறகும் நோயாளிக்குக் கெடுதல் நடக்கலாம். டாக்டர் காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் எழுதிய மருந்து, அந்த ஒன்பது மணி நோயாளியைப் பார்த்து எழுதியது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் எடுத்துக்கொண்டு போகும்போது கட்டிலில் இருப்பவர் நிலைமை மாறியிருக்கும். நடுவில் நாலு தடவை பேதி போயிருப்பார், மதியம் சாப்பாட்டைத் தொட்டிருக்க மாட்டார், யூரின் பையில் அளவு குறைந்திருக்கும். இதையெல்லாம் பார்த்திருப்பது நாங்கள் மட்டும்தான்.

டைகாக்சினை எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடித்த மருந்து அது. (மருந்தில் பிடித்தது பிடிக்காதது உண்டா என்றால் உண்டு, எந்த நர்ஸை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.) ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலையிலிருந்து வந்த பழைய இதய மருந்து. அந்த இலையைப் பற்றி 1785-ல் எழுதிய வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், அளவு மிஞ்சினால் வாந்தி வரும், பார்க்கிற பொருள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும், நாடி நிமிடத்துக்கு 35 வரைகூட இறங்கும் என்று அப்போதே குறித்து வைத்துவிட்டார். லேப் இல்லாத காலத்தில், நோயாளி பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து எழுதியது. வேலை செய்கிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. அதனால்தான் நம் ஊரில் வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும், சனி ஞாயிறு வேண்டாம் என்று எழுதுகிற டாக்டர்கள் உண்டு.

காசிமேட்டுப் பெரியவர் ஒருவர், வலை பின்னுகிறவர், இதயம் பலவீனமாகி மூச்சுத் திணறலோடு எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். டைகாக்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே நீர் பிரிய ஃபுரோசமைடு ஊசி, வார்டு பாஷையில் லாசிக்ஸ். கால் வீக்கம் வடிந்து, மல்லாந்து படுக்க முடிந்து, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்த நேரம். மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிற புதுப் பெண் ஒருத்தி அன்று மருந்து ட்ரே எடுத்துக்கொண்டு போனாள். பெரியவர் சாப்பாட்டை ஒதுக்கி வைத்திருந்தார். "வாய்க்கு ஒண்ணும் புடிக்கல கண்ணு, வவுத்த பெரட்டுது" என்றார். அவள் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினாள். 52. இந்த மருந்து சாப்பிடுகிற பலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும், சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. அதனால் மணிக்கட்டைப் பிடித்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வேலை இங்கே ஆகாது. அப்புறம் அவள் ஒன்று கேட்டாள் பாருங்கள், "தாத்தா, லைட்டு எப்படித் தெரியுது உங்களுக்கு?" அவர் ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாமோ மஞ்சளா கீது, நேத்துலேர்ந்தே" என்றார்.

மாத்திரையை ட்ரேயிலேயே வைத்துவிட்டு டூட்டி டாக்டருக்கு போன் போட்டாள்.

"சார், பதினாலாம் பெட்டுக்கு டைகாக்சின் ஹோல்ட் பண்ணியிருக்கேன். நெஞ்சுல வச்சு எண்ணினா 52. காலையிலேர்ந்து குமட்டல், எல்லாம் மஞ்சளா தெரியுதுங்கறார். லாசிக்ஸ் தினமும் போகுது, பொட்டாசியம் அட்மிஷன் அன்னிக்குப் பார்த்ததுதான் சார்."

"ஹோல்ட் பண்ணச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். நீங்க வந்து பார்த்துட்டு குடுக்கச் சொன்னா குடுத்துடறேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சின்ன வயசு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் வந்தார். ஈசிஜி எடுத்தார், ரத்தம் அனுப்பினார். பொட்டாசியம் 2.9. மூன்றரைக்குக் குறையக்கூடாத சங்கதி. அதற்கப்புறம் அவர் முகத்தில் கடுப்பு இல்லை. டைகாக்சின் நின்றது, லாசிக்ஸ் குறைந்தது, பொட்டாசியம் ஏறியது. பெரியவர் சொன்ன நாளைவிடத் தாமதமாக, சுகமாக வீட்டுக்குப் போனார். தாமதமானதற்கு அவர் மகன் பில் கவுண்டரில் முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டினான்.

அந்தப் பெண்ணுக்கு அங்கே கைகொடுத்தது குமட்டல், வாந்தி பட்டியல் இல்லை. இதயத் தசையின் செல்லில் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்ப் இருக்கிறது. டைகாக்சின் போய் உட்காருவது அதில்தான். பொட்டாசியமும் அந்த இடத்துக்குப் போட்டி போடும். லாசிக்ஸ் தண்ணீரோடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் வெளியே அனுப்பிவிட்டால் போட்டி குறைந்துவிடும், அதே மாத்திரை அதே அளவில் அதிகமாகக் கடிக்கும். இவ்வளவு புரிந்திருந்தால் 52 என்ற எண்ணும், ஒதுக்கின சாப்பாடும், லாசிக்ஸும், மஞ்சள் வெளிச்சமும் தனித்தனியாக நிற்காது. சுவரில் ஒட்டியிருக்கும் ஐந்தும் அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தன என்பதையும் கவனியுங்கள்.

பொட்டாசியம் ஏறியது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூல் 10 மில்லி, அதற்குள் 20 மில்லிஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கிற அலகு) பொட்டாசியம். பார்த்தால் டிஸ்டில்டு வாட்டர் மாதிரி நிறமே இல்லாத தண்ணீர். அதை அப்படியே சிரிஞ்சில் எடுத்து நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அதனால் இதற்கு நேரடி ஊசியே கிடையாது, பாட்டிலில் கலந்து, கை நரம்பு வழியாக என்றால் மணிக்கு 10 என்ற கணக்கில்தான் வழக்கமாக விடுவோம். எங்கள் வார்டில் மற்ற ஆம்ப்யூல்கள் இருக்கும் தட்டில் இது இருக்கக்கூடாது, தனி டப்பா, அதில் சிவப்பு மார்க்கரில் எழுத்து. இன்னொன்று, ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கிற பாட்டிலில் இதைச் சேர்த்தால் மருந்து கனமாக அடியில் போய்த் தங்கும். கலக்காமல் திறந்துவிட்டால் முதலில் இறங்குவது அந்த அடி மருந்துதான். எழுதிய அளவு சரி, போன வேகம் தப்பு. பாட்டிலைக் கீழே இறக்கி, நாலைந்து தரம் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும். செய்ய அரை நிமிடம் ஆகாது, ஆனால் காரணம் தெரியாதவர்கள் அவசரத்தில் முதலில் விடுவது இதைத்தான்.

வேகம் என்றதும் எங்கள் தினசரி யுத்தம் ஞாபகத்துக்கு வருகிறது. ட்ரிப்ஸில் உருளும் அந்தச் சின்னச் சக்கரத்தை நாங்கள் அந்தப் பக்கம் போனதும் நோயாளியின் மச்சான் திருகிவிடுவார். "சொட்டு சொட்டா போகுது சிஸ்டர், எப்போ முடியறது, கடைசி பஸ் போயிடும்." வெறும் சலைன் என்றால்கூட இதயம், கிட்னி பலவீனமானவருக்கு மூச்சு முட்டும். உள்ளே வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தால் கதை வேறு. ஒரு கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். வேகமாகப் போனால் முகம், கழுத்து, மார்பு எல்லாம் சிவந்து, அரித்து, பிரஷர் இறங்கும். அது பெரும்பாலும் அலர்ஜி இல்லை, வேகத்தால் உடம்பில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பைக் கிளப்புகிற பொருள் கொட்டுவது. நிறுத்தி, அடங்கின பிறகு டாக்டரிடம் கேட்டு மெதுவாக விட்டால் பலருக்கு ஒன்றும் ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் கேஸ் ஷீட்டில் அலர்ஜி என்று எழுதிவிட்டால், பின்னொரு நாள் அவருக்குத் தேவைப்படுகிற மருந்து கிடைக்காமல் போகும். வலிப்புக்குப் போடுகிற ஃபெனிடாயின் நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, சலைனில் மட்டும்தான் கலக்கலாம், டெக்ஸ்ட்ரோஸில் விட்டால் திரிந்துபோகும். லாசிக்ஸைப் பெரிய அளவில் சர்ரென்று தள்ளினால் காது அடைக்கும், இரையும்.

பிரசவ வார்டில் வேலை பார்த்த என் தோழி ஒருத்தி கையில் எப்போதும் அந்த ரப்பர் சுத்தியல் இருக்கும். பிரஷர் ஏறி வலிப்பு வருகிற கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்ஃபேட் போடுவார்கள். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் முட்டியில் தட்டிப் பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும், சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மருந்து வெளியேறுவது கிட்னி வழியாக. யூரின் குறைந்தால் உள்ளேயே சேரும், சேர்ந்தால் முதலில் முட்டித் துடிப்பு போகும், அதற்கும் மேலே சேர்ந்தால் மூச்சு. முட்டி துள்ளவில்லை என்றால் அடுத்த டோஸ் கிடையாது, அதற்கு முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஆம்ப்யூல் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். புட்டத்தில் பத்துப் பத்து மில்லியாகப் போடுகிற அந்த ஊசிக்கு வலிக்காத கைராசி எதுவும் கிடையாது என்பது அவள் வாதம்.

சரி, இன்சுலினுக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் நர்ஸாக இருந்தால் பாதி வாழ்க்கை இதில்தான் போகும். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்வரை பிரச்சினை குறைவு, வெளியே போனதும்தான் ஆரம்பிக்கும். இந்தியாவில் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று வருகிறது, 100 யூனிட் என்றும் வருகிறது. 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் கூட்ட நேரத்தில் "இன்சுலின் சிரிஞ்சு ரெண்டு குடுப்பா" என்று கேட்டால் கைக்கு எது வருகிறதோ அதைக் கொடுப்பார்கள். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை குறையாது, டாக்டர் டோஸை ஏற்றுவார். அப்புறம் ஒரு நாள் சிவப்பு மூடி கிடைக்கும், அன்றைக்கு ஏற்றின டோஸ் முழுசாக உள்ளே போகும். எதிர்ப் பக்கம் இன்னும் மோசம். பேனா ஊசியின் குழலில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட். பேனா கெட்டுப்போனதென்று அந்தக் குழலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். டிஸ்சார்ஜ் அன்றைக்கு நான் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்து ஒரே கவரில் போட்டு, "இந்தக் கலர் மூடிதான், வேற கலர் குடுத்தா வாங்காதீங்க" என்று வீட்டில் ஊசி போடப்போகிறவர் கையில் கொடுப்பேன். நோயாளியிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, ஊசி போடுவது பெரும்பாலும் மருமகளோ பேத்தியோதான்.

ஒரு விசைப்படகுக்காரர் சர்க்கரை நானூறோடு வந்தார். தங்கு கடல் போகிறவர், ஒரு தடவை போனால் நாள் கணக்கில் கரைக்கு வரமாட்டார். ஊசி தவறாமல் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார், அவர் மனைவியும் ஆமாம் என்றார். எங்கே வைக்கிறீங்க அண்ணே என்று கேட்டேன். "ஐஸ்லதான் சிஸ்டர், மீனோட. ஃபிரிட்ஜவிட ஜில்லுன்னு இருக்கும்." குளிர்ச்சியாக வையுங்கள் என்று யாரோ சொன்னதை அவர் குறையில்லாமல் செய்திருக்கிறார். இன்சுலின் ஒரு புரதம், உறைந்தால் அதன் உருவம் சிதைந்துவிடும். உருகின பிறகு பழையபடி தெரிந்தாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பயன்பாட்டில் இருக்கிற குப்பி நேரடி வெயிலோ சூடோ படாமல் வெளியிலேயே நாலு வாரம் தாங்கும், ஆனால் என்ஜின் பக்கம் வைத்தால் தாங்காது. கடைசியில் ஈர மணல் போட்ட சின்ன மண்சட்டி, அதற்குள் மூடி போட்ட டப்பாவில் குப்பி என்று முடிவானது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு நாங்கள் சொல்கிற அதே யோசனைதான். அடுத்து அவரை நிதானமாகப் பார்த்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்கும், அந்த இரண்டு மாதம்தான் காசிமேட்டு ஆண்களை உட்காரவைத்துப் பேச எங்களுக்குக் கிடைக்கிற காலம்.

சர்க்கரை திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும் என்று எல்லோருக்கும் சொல்லித்தருகிறோம். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபிரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு நடுக்கத்தையும் படபடப்பையும் அந்த மாத்திரையே அமுக்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். மே மாதம் வியாசர்பாடியில் ஓட்டு வீட்டில் இருப்பவருக்கு வியர்வையை வைத்து என்ன கண்டுபிடிப்பது? அதனால் இவர்களுக்குப் பாடத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். காரணமில்லாமல் சட்டை நனைந்தால், பேச்சு குழறினால், முதலில் சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் மற்ற யோசனை.

இன்னொரு தொல்லை, ஒரே மருந்து இரண்டு பெயரில். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம், எங்கள் பக்கத்துப் பாட்டிகள் பலர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவது அதனால்தான். அரசு பிரஷர் மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயர் இருக்கும். நடுவில் தலைசுற்றல் என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போவார்கள், அங்கே எழுதித்தரும் கலர் மாத்திரைக்கு வேறு பெயர், அதற்குள்ளும் அம்லோடிபின். இது கவர்மென்ட் மாத்திரை, அது வெளி மாத்திரை, இரண்டும் வேறு என்று இரண்டையும் சாப்பிடுவார்கள். கணுக்கால் வீங்கும், அது இந்த மருந்தின் குணம். கிட்னி போய்விட்டதென்று வீட்டில் அழுகை. வீக்கத்துக்கு யாராவது நீர் மாத்திரை எழுதுவார்கள். நீர் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கும், காலில் தசை பிடிக்கும், அதற்கு ஒரு வலி மாத்திரை கடையில் வாங்குவார்கள். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். பிரஷர் ஏறினால் மருந்தைக் கூட்டுவார்கள். இந்தச் சங்கிலியை நான் ஒரே பாட்டியிடம் முழுசாகப் பார்த்திருக்கிறேன். வீங்கின காலைப் பார்த்ததும் அம்லோடிபின் எத்தனை போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தால் இரண்டாவது கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

காசநோய் பற்றிச் சொல்லாமல் வட சென்னையைப் பற்றி எழுத முடியாது. அதற்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போகும், வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இதனால் கெடுதல் எதுவும் இல்லை. முதல் நாளே இதைச் சொல்லாவிட்டால், மறுநாள் காலை பாத்ரூமில் அதைப் பார்த்தவர் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்துவார், வெளியில் சொல்லவும் மாட்டார். கருத்தடை மாத்திரையின் பலத்தையும் இதே மருந்து குறைத்துவிடும். ஆண் டாக்டரிடம் அந்தப் பெண் அதைக் கேட்க மாட்டாள், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எங்களிடமும் கேட்க மாட்டாள். பி.பி. பார்க்கிற சாக்கில் திரைக்குப் பின்னால் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு இதில் ஒரு பெருமை இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்கவைத்து வைத்தியம் பார்ப்பதையும் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிடுவதையும் ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டு வைத்தியமே போதும் என்று 1959-ல் முடிவைச் சொன்னது. சத்தான சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் எதுவும் சரியாகக் கிடைக்காத ஏழைகள், மருந்தை விடாமல் சாப்பிட்டுத்தான் குணமானார்கள். உலகமே பிறகு அந்த வழிக்கு வந்தது. விடாமல் சாப்பிட வைப்பது யார் வேலை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, நர்ஸுகளுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். தெரிந்தாலும் செய்ய விடாத காரணங்கள் உண்டு. நைட் டூட்டியில் ஒரு வார்டு முழுவதற்கும் ஒருத்தி நிற்கும்போது, இன்சுலினையும், ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரினையும் இன்னொரு நர்ஸ் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி காகிதத்தில் மட்டும் இருக்கும். ஹெப்பாரின் குப்பி மில்லிக்கு 1000 யூனிட்டும் உண்டு, 5000 யூனிட்டும் உண்டு, அரைத் தூக்கத்தில் ஒன்றையும் ஐந்தையும் பிரித்துப் பார்ப்பதற்கு இரண்டு ஜோடிக் கண் வேண்டும். போனில் ஆர்டர் சொல்கிற டாக்டரிடம் நாம் எழுதினதைத் திரும்பப் படித்துக் காட்டினால், "நான்தான் சொன்னேனே" என்று கட் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்கிற நர்ஸுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வரும், அது ஸ்டாஃப் ரூமையும் தாண்டிப் போகும். மீஞ்சூர்ப் பெண்ணைத் துணிச்சல்காரி என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தையில் உடன்பாடு இல்லை. அவள் 52 என்றாள், லாசிக்ஸ் என்றாள், பொட்டாசியம் பார்த்து நாளாச்சு என்றாள். எண்ணோடு பேசினவளிடம் யாரும் சண்டை போட முடியவில்லை. "பார்க்க ஒரு மாதிரியா இருக்கார் சார்" என்று மட்டும் சொல்லியிருந்தால், கொடுத்துட்டு வாம்மா என்றிருப்பார்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் வகுப்பெல்லாம் எடுப்பதில்லை. மதியம் விசிட்டர்ஸ் போன பிறகு கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அப்போது ஒரே ஒரு நோயாளியின் சார்ட்டை எடுத்து நடுவில் வைப்போம். இந்த மருந்து வேலை செய்தால் நம் கண்ணுக்கு எங்கே தெரியும், மிஞ்சினால் முதலில் எங்கே தெரியும், என்ன பார்த்தால் கொடுக்காமல் போன் பண்ணுவாய் என்று கேட்பேன். பதில் தெரியாவிட்டால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துக் காகிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். சார்ட்டில் பன்னிரண்டு மருந்து இருந்தாலும் ஒரு மதியத்துக்கு ஒன்றுதான். அதற்கே டீ ஆறிப்போகும்.

நர்ஸ் இல்லாதவர்கள் இதுவரை படித்து வந்திருந்தால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க வரும்போது பழைய சீட்டு மட்டும் போதாது, அவர் வாயில் போகிற எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அரசு அட்டை, வெளி மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா நல்லா கேட்குது என்று கொடுத்தது, நாட்டு மருந்துக் கடைச் சூரணம், லேகியம், முக்கியமாக முட்டி வலிக்கென்று எங்கேயோ வாங்குகிற பெயர் எழுதாத பொட்டலம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றோடு அது சட்டென்று நின்றுபோய், மூன்றாம் நாள் பிரஷர் ஏன் இறங்குகிறதென்று தெரியாமல் நாங்கள் எல்லாரும் முழித்துக்கொண்டிருப்போம். எதையும் மறைக்க வேண்டாம். யாரும் திட்ட மாட்டோம். நான் திட்டினால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அதுவும் இப்போதைக்கு நான்தான்.